நாற்பது நைட்டியும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்

ஜூன் பிறந்தாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி தானத் துணி பற்றியவைதான். தென்னாப்பிரிக்காவில் அப்போது குளிர்காலம் என்பது ஒரு காரணம், பிறருக்கு உதவச் சொல்லும் ஜூலை 18 மண்டேலா நாள் இன்னொன்று. டர்பனில் ஒரு துணித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் சட்டைக்குக் காலர் மாட்டியவள் நான். அந்தக் கை சொல்லும் பதில்கள் இவை.

மண்டேலா நாளுக்கு 67 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். அதற்குள் ஒரு குழந்தைக்கு உடுப்புத் தைக்க முடியுமா அக்கா? (ஃபீனிக்ஸ் வாசகி)

மண்டேலா பொது வாழ்வில் கழித்த 67 வருஷங்களுக்கு, வருஷத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்த கணக்கு அது. எலாஸ்டிக் பைஜாமா ஒன்று முடியும், முந்தின நாளே துணியை நனைத்து, காயவைத்து, வெட்டி வைத்திருந்தால். பக்கத் தையல் இல்லாமல் காலுக்கு ஒரே துண்டாக வெட்டுங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் எங்கள் தொழிற்சாலை வழக்கம்தான்: ஒருவர் உள்கால் தையல், ஒருவர் ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் கட்டும் தையல்), ஒருவர் இடுப்புப் பட்டி, ஒருவர் நூல் நறுக்கி இஸ்திரி. ஆளுக்கு ஒன்றாகத் தொடங்கினால் ஐந்து அரைகுறைப் பைஜாமாதான் மிஞ்சும். காலர் வைத்த சட்டைப் பக்கம் அன்றைக்குப் போகவேண்டாம். எனக்கே வராது.

மலையடிவாரத்தில் அண்டர்பெர்க் பக்கம் உள்ள பிள்ளைகளுக்கு பிளானல் துணியில் நைட்டி தைக்கிறோம். லேஸ், பஃப் கை வைத்தால் அழகாக இருக்குமா? (சாட்ஸ்வர்த் மாதர் குழு)

நானும் அப்படித்தான் தைத்தேன். ஒரு வருஷம் நாற்பது நைட்டி, ஒவ்வொன்றிலும் ரோஸ் ரிப்பன். கொண்டுபோன இடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. சமையல் செய்யும் மூலைக்குக் கூட்டிப்போய் தரையில் இருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் காட்டினார். குளிரில் பிள்ளைகள் அதைச் சுற்றித்தான் உட்காருமாம். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை.

கரண்ட் இல்லாத வீடுகளிலும், மின்வெட்டில் கரண்ட் போன வீடுகளிலும் அந்த ஸ்டவ்வும் மெழுகுவத்தியும்தான் துணை. பஞ்சு பிளானலில் மேலே எழுந்து நிற்கும் மென்மயிர் தீயைச் சட்டென்று பிடிக்கும். தொளதொளவென்று தொங்கும் நைட்டி என்றால் உள்ளே காற்று புகுந்து தீ மேலே ஏறும். பாலியெஸ்டர் பிளீஸ் மட்டும் யோக்கியமா? அது உருகித் தோலில் ஒட்டும். ஆகவே துணியைவிட வடிவத்தைக் கவனியுங்கள். உடம்போடு ஒட்டிய பைஜாமா, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இழுபடும் ரிப் பட்டி, கழுத்தில் கட்டும் நாடா கிடையாது. துணி நெருக்கமான காட்டன் நிட் (டி-ஷர்ட் மாதிரி பின்னல் துணி) ஆகட்டும். ஊசி 75/11 பால்பாயின்ட் (முனை உருண்டது), தையல் கொஞ்சம் இழுபடும்படி சின்ன ஜிக்ஜாக். கூடுதல் சூட்டுக்கு மேலே கம்பளி ஸ்வெட்டர் பின்னிக் கொடுங்கள். கம்பளி சுலபமாகத் தீப்பிடிக்காது.

ரிப்பனையும் பஃப் கையையும் கோடைக்கால கவுனில் வைத்து ஆசை தீர்த்துக்கொள்ளுங்கள்.

தொப்பி வைத்த ஜாக்கெட்டுக்குக் கழுத்தில் கயிறு கோக்கலாமா?

கூடாது. ஊஞ்சலிலும் சறுக்குமரத்திலும் மாட்டிக் கழுத்தை நெரிக்கும். எலாஸ்டிக் போதும். மூன்று வயதுக்குக் கீழே பட்டனும் வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

காலமான என் அம்மாவின் சேலைகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. பெட்டியில் மக்குவதைவிட குழந்தைகளுக்கு கவுனாகட்டும் என்று நினைக்கிறேன். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முதலில் ஒன்றிரண்டை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வெட்டிவிட்டுப் பிறகு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்றவற்றைப் பிரியுங்கள். நைலான், ஜார்ஜெட் பிள்ளைகளுக்கு ஆகாது, மேலே சொன்ன ஸ்டவ்வை நினைத்துக்கொள்ளுங்கள். பருத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வந்த இடமும் தரையில் உரசிய கரையோரமும் நைந்திருக்கும். இரண்டு கையாலும் குறுக்கே இழுத்தால் பிரியும் துணியைத் தைத்துப் பயனில்லை. ஐந்தரை மீட்டர் சேலையில் நைந்ததைக் கழித்தாலும் நாலு வயதுக் குழந்தைக்கு மூன்று கவுன் வரும். மெல்லிய சேலையை இரண்டு மடிப்பாக வைத்துத் தையுங்கள். முந்தானையை மார்புத் துண்டாக வெட்டினால் அந்தக் குழந்தைக்கு அது விசேஷ உடுப்பு.

குழந்தைகள் இல்லத்தில் வயதை மட்டும் சொல்கிறார்கள், அளவு தருவதில்லை. என்ன செய்வது?

நன்றாகச் சாப்பிட்டு வளரும் ஆறு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 115 செ.மீ. உயரம், இடுப்பு 54 செ.மீ. இருக்கும். நீங்கள் தைக்கும் பிள்ளை இதைவிடச் சிறுத்திருக்கலாம். அதனால் நீளத்தில் தாராளம், இடுப்பில் எலாஸ்டிக். 54 இடுப்புக்கு 50 எலாஸ்டிக் வெட்டி, பட்டியின் உள்பக்கம் இரண்டு செ.மீ. தைக்காமல் விடுங்கள். யாராவது பிறகு இறுக்கவோ தளர்த்தவோ வழி இருக்கும். கால் மடிப்பை ஐந்து செ.மீ. வைத்துக் கையாலேயே தையுங்கள், அடுத்த வருஷம் பிரித்து இறக்கிக்கொள்வார்கள்.

இன்னொன்று. எல்லாரும் கைக்குழந்தைக்கும் சின்னப் பெண்ணுக்கும் தைக்கிறார்கள், துணி மிச்சம், ஆசையும் தீரும். பத்து முதல் பதினாலு வயதுப் பையன் காலி கையோடு நிற்பான். ஒரு வருஷம் அவனுக்குத் தைத்துப் பாருங்கள்.

காவடிக்கு வாங்கிய மஞ்சள் துணி மீதி இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்குமாமே?

நிற்காது. ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் ஏறினால் உடுப்புக்கு வேண்டாம். சுருக்குப்பை தைத்து, தைத்த உடுப்பை அதில் போட்டுக் கொடுங்கள்.

பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தால் நல்லதுதானே? (டொங்காட்)

நல்லதுதான், ஆனால் அந்தப் பள்ளியிலேயே நிறத்தைக் கேட்ட பிறகு. சாம்பல் நிறத்தில் எத்தனை சாம்பல் என்று கடையில் நின்றால்தான் தெரியும். டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில் (புதுப் பெயர் இன்னும் என் வாயில் வரவில்லை) துணித்துண்டை எடுத்துப்போய் வெயிலில் ஒப்பிட்டு வாங்குங்கள். பள்ளி ஜனவரியில் திறக்கிறது, நவம்பருக்குள் முடித்துவிடுங்கள். பிளேசரைத் தொடாதீர்கள்.

பழைய உள்ளாடைகளைத் துவைத்துக் கொடுக்கலாமா?

உங்கள் பிள்ளைக்குப் போடுவீர்களா? புதிதாகத் தையுங்கள். டி-ஷர்ட் துணி மீதியில் ஒரு ஜட்டிக்கு இருபது நிமிடம். எந்த இல்லத்திலும் இது போதும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் சங்கத்தின் பெயரை ஒவ்வொரு சட்டையின் மார்பிலும் எம்பிராய்டரி செய்ய நினைக்கிறோம்.

வேண்டாம். பள்ளிக்கூடத்தில் அது தர்மச் சட்டை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், பையன் அதைக் கழற்றி எறிவான். உள்பக்கம்கூட வேண்டாம். கழுத்துக்குள் வெள்ளை நாடாத் துண்டு ஒன்றை வெறுமையாகத் தைத்துவிடுங்கள். இல்லத்தில் எல்லார் துணியும் ஒரே கொடியில்தான் காயும், குழந்தையின் பெயரை எழுதிக்கொள்ள இடம் வேண்டும்.