தலைமாட்டில் வைத்த பை

அன்புள்ள அக்கா,

எனக்கு 64 வயது, மனைவிக்கு 61. இருவரும் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். வருசப்பிறப்பு முடிந்ததும் ஆளுக்கொரு பையை முதுகில் போட்டுக்கொண்டு அறுகம்பை, வெலிகம, காலி என்று கடலோரமாக மூன்று கிழமை சுற்றிவர எனக்கு ஆசை. தங்குவதற்கு வெளிநாட்டுப் பொடியன்கள் நிற்கும் ஹொஸ்டல் போதும் என்றேன். கனடாவில் இருக்கும் மகன், "காசு அனுப்புகிறேன், நல்ல ஹோட்டலில் நில்லுங்கள், ஊர் என்ன கதைக்கும்" என்கிறான். அவனைச் சமாளிப்பேன். மனைவிதான், "பையும் கையுமாகப் போய் முன்பின் தெரியாத ஆட்களோடு படுத்தது காணும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். நீங்களும் அண்ணனும் இப்படிப் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன செய்யலாம்?

களுவாஞ்சிகுடி வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

மகனுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. என் அம்மா அறுபது கடந்த பிறகுதான் கதிர்காமத்துக்கு நடந்தார். துணிப் பொட்டலத்தோடு திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கோயில் வீதிகளில் கண்டறியாத சனத்தோடு படுத்தெழும்பித்தான் போனார். ஊர் ஒன்றும் கதைக்கவில்லை. திரும்பி வந்தபோது திருநீறு வாங்க வாசலில் வந்து நின்றது.

மனைவி சொன்னது வேறு. அதை நீங்கள் பிடிவாதம் என்று எடுத்திருந்தால், தயவுசெய்து இன்னொரு தரம் யோசியுங்கள். 1990இல் சண்டைக்குள் நாங்கள் பையோடு ஓடினோம். வகுப்பறையில் மேசை வாங்குகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்லடிப் பக்கத்துச் சனத்துக்கு மறுபடியும் அதே வகுப்பறை, அதே பாய். இந்தக் கரையில் எங்கள் வயதுப் பெண்களுக்கு முதுகில் பை என்றால் உல்லாசப் பயணம் ஞாபகத்துக்கு வராது.

எனக்கும் வரவில்லை. வெலிகமவில் முதல் ராத்திரி. ஒரே அறையில் மேலும் கீழுமாக எட்டுப் படுக்கை. விளக்கை அணைத்ததும் நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டது. அடையாள அட்டை, மருந்து, சங்கிலி எல்லாவற்றையும் பைக்குள் போட்டுத் தலைமாட்டில் வைத்து, வாரைக் கையில் சுற்றிக்கொண்டு கிடந்தேன். செருப்பைக்கூடக் கால் பட்டதும் போடும் மாதிரித்தான் வைத்திருந்தேன். இவர் நல்ல நித்திரை. இரண்டு மணியளவில் எழும்பி வாசலுக்குப் போனேன். கதவு சும்மா திறந்தது. கடல் இரைந்துகொண்டிருந்தது. எங்கே போகிறாய் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. பிடிக்காவிட்டால் விடிய பஸ் ஏறிவிடலாம். வீடு அங்கேயே இருக்கிறது, அதன் திறப்பு என் பைக்குள் கிடக்கிறது. வெகுநேரம் அந்தத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு படியில் இருந்தேன். பிறகு போய்ப் படுத்து, வெயில் ஏறும்வரை நித்திரை கொண்டேன். காலையில் பார்த்தால் பக்கத்துக் கட்டில் பிள்ளை எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள்.

ஹொஸ்டல் என்ற யோசனையே ஒரு வகுப்பறையில்தான் பிறந்தது என்று பிற்பாடு வாசித்தேன். 1909இல் ஜேர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஆசிரியர் மாணவர்களோடு நடைபயணம் போனபோது புயல்மழையில் அகப்பட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்திருக்கிறார். அன்றிரவு தோன்றிய எண்ணம்தான் 1912இல் அல்டேனா கோட்டையில் முதல் ஹொஸ்டலாக ஆனது. அவருக்கு அது ஒரு ராத்திரி. எங்களுக்கு மாதக்கணக்கு. ஆனாலும் உங்கள் மனைவியும் ஒரு ரீச்சர், அவருக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

எடுத்த உடனே அவரை எட்டுப் பேர் அறைக்குக் கூட்டிப் போகாதீர்கள். பல ஹொஸ்டல்களில் இருவருக்கான தனி அறையும் உண்டு, குளியலறை மட்டும் பொதுவாக இருக்கும். இரண்டு மூன்று நாள் அதில் நின்று, பொதுச் சமையலறையில் புட்டு அவித்து நாலு பேரோடு பழகட்டும். பொது அறை என்றால் கீழ்க் கட்டில் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ராத்திரியில் ஏணியில் இறங்குவது எங்கள் முழங்காலுக்குச் சரிவராது. சில இடங்களில் வயதுக்கு மேல்வரம்பு வைத்திருப்பார்கள். வாசலோடு எங்களைத் திருப்பி அனுப்பிய ஓர் இடமும் உண்டு. பையோடு நடுவீதியில் நின்றது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அதனால் அதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். ஒரு ஆமைப்பூட்டு, டோர்ச், ஆளுக்கு இரண்டு மாற்றுடுப்பு, அவ்வளவுதான். பை ஏழு கிலோவைத் தாண்டினால் எதையாவது வெளியே எடுங்கள்.

வழியை மட்டும் மாற்றுங்கள். கரையோர வீதி பாணமையோடு முடிந்துவிடும், அப்பால் குமண, யால காடு. சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று உள்ளால்தான் தெற்கே போகவேண்டும். மே கடைசியில் தென்மேற்குக் காற்று எழும்பினால் தெற்குக் கடல் கொந்தளிக்கும், அந்த நேரம் நம் பக்கக் கடல் அடங்கிக் கிடக்கும். ஆகவே மட்டக்களப்பில் ரயில் ஏறிக் கொழும்பு போய், அங்கிருந்து கடலை ஒட்டியே ஓடும் ரயிலில் காலி, வெலிகம. அப்புறம் மாத்தறையிலிருந்து பஸ்ஸில் உள்ளால் வந்து கடைசியாக அறுகம்பை. நாள் போகப் போக வீடு கிட்டவரும், அதுவும் அவருக்கு நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், மகன் சொன்ன ஹோட்டலிலேயே நில்லுங்கள். அவருக்கு ஏதாவது கேட்க இருந்தால் உங்கள் வழியாக வேண்டாம், எனக்கே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா