புதுப்பித்த குடும்ப எஸ்யூவி: எது புதிது, எது பழையது?

ஃபேஸ்லிஃப்ட் கண்ட சிறிய எஸ்யூவிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறோம்.

கேள்வி: நாங்கள் வாங்க நினைத்திருந்த எஸ்யூவியின் ஃபேஸ்லிஃப்ட் வந்திருக்கிறது. முன்பக்கம் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. ஷோரூமில் "இது முற்றிலும் புதிய வண்டி" என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: இல்லை. ஒரு மாடலின் ஒரு தலைமுறை பொதுவாக ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை விற்பனையில் இருக்கும். அதன் பாதி வழியில், போட்டி நிறுவனங்களின் வண்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் வயது தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்படும் வேலையே ஃபேஸ்லிஃப்ட். அந்த வேலை எங்கே தொடங்கி எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது எஃகுத் தகடுதான். கூரை, கதவு, பக்கவாட்டுச் சட்டம் ஆகியவற்றைத் தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கும் அச்சுகளுக்கு நிறுவனம் பெரும் தொகையை முதலீடு செய்திருக்கும். அவற்றில் கை வைத்தால் தொழிற்சாலையின் வெல்டிங் வரிசையையும் மாற்றி அமைக்க வேண்டிவரும். பம்பரும் கிரில்லும் பிளாஸ்டிக். ஹெட்லைட் தனியே கழற்றி மாட்டக்கூடிய பாகம். பானெட்டும் டிக்கிக் கதவும் உலோகமானாலும் போல்ட்டில் நிற்பவை. ஆகவே மாற்றங்கள் பெரும்பாலும் இவற்றோடு முடிந்துவிடும்.

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. வண்டியின் பக்கவாட்டில் நின்று, முன் சக்கரத்துக்கு முன்னால் இருப்பதையும் பின் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதையும் கணக்கில் எடுக்காமல், கதவுகளில் ஓடும் மடிப்புக் கோடு, ஜன்னல்களின் வடிவம், கைப்பிடி இருக்கும் இடம் ஆகியவற்றை மட்டும் பழைய வண்டியின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு வித்தியாசமும் இருக்காது. 2024 ஜனவரியில் ஹூண்டாய் க்ரெட்டா புதுப்பிக்கப்பட்டபோது அதன் நீளம் 4,300 மில்லிமீட்டரிலிருந்து 4,330 மில்லிமீட்டரானது. முன், பின் சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரமான வீல்பேஸ் மட்டும் முன்பிருந்த 2,610 மில்லிமீட்டரிலேயே நின்றது. கூடிய அந்த மூன்று சென்டிமீட்டர் பம்பர்களுக்குப் போனதே தவிர, உள்ளே உட்காருபவரின் முழங்காலுக்குப் போய்ச் சேரவில்லை.

குடும்பத்தோடு பயணம் செய்பவர்களுக்கு இதில்தான் விஷயம் இருக்கிறது. பழைய வண்டியின் பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் தோளை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்றால், புதியதிலும் அப்படித்தான் உட்கார வேண்டும். குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளின் இடம், கதவு திறக்கும் அகலம், முதியவர் கால் வைத்து ஏற வேண்டிய உயரம் ஆகியவையும் மாறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சில வண்டிகளில் புதிதாகச் சேர்க்கப்படும் பனோரமிக் சன்ரூஃப், அதன் சட்டம் இறங்கும் இடத்தில், உயரமானவரின் தலைக்கு மேலிருந்த இடைவெளியைக் குறைத்துவிடுவதும் உண்டு. அதனால் முதலில் ஓட்டுநர் சீட்டில் உட்காராதீர்கள். ஓட்டுநர் சீட்டை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டு, அதற்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: பழைய மாடல் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அந்த மதிப்பீடு புதியதற்கும் செல்லுமா?

பதில்: உடலமைப்பு மாறவில்லை என்பதால் செல்லும் என்று தோன்றும். ஆனால் நட்சத்திரத்துக்கு ஆண்டு உண்டு. சோதனை விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாவதால், 2018-ன் ஐந்து நட்சத்திரமும் 2024-ன் ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. டாடா நெக்ஸான் 2018-ல், கார்களை மோதவிட்டு மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும், குழந்தைகளின் பாதுகாப்புக்கு மூன்று நட்சத்திரமும் பெற்றது. 2023 செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்டு, ஆறு ஏர்பேக்குகள் எல்லா வேரியன்ட்களிலும் தரப்பட்ட பிறகு, 2024 பிப்ரவரியில் வெளியான முடிவில், கடுமையாக்கப்பட்ட விதிகளின் கீழ் இரண்டுக்குமே ஐந்து பெற்றது. ஃபேஸ்லிஃப்ட்டை ஒழுங்காகச் செய்தால் இப்படி நடக்கும்.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. ரெனோ ஸோயி என்ற சிறிய மின்சாரக் கார் 2013-ல், ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. புதுப்பிக்கப்பட்ட வடிவத்தை 2021-ல் மீண்டும் சோதித்தபோது கிடைத்தது பூஜ்யம். விதிகள் கடுமையானது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கவனிக்க வேண்டும்: முன்பு தலையையும் மார்பையும் சேர்த்துக் காத்த பக்கவாட்டு ஏர்பேக்கின் இடத்தில், மார்பை மட்டும் காக்கும் ஏர்பேக் வைக்கப்பட்டிருந்தது. ஃபேஸ்லிஃப்ட் என்றால் எதையாவது சேர்ப்பார்கள் என்றே நாம் நினைக்கிறோம். சத்தமில்லாமல் எடுத்துவிடவும் செய்வார்கள். ஆகவே நட்சத்திரத்தோடு சோதனை நடந்த ஆண்டையும், சோதிக்கப்பட்டது எந்த வேரியன்ட் என்பதையும் கேளுங்கள். பழைய, புதிய வண்டிகளின் பாதுகாப்பு வசதிப் பட்டியல்களை, நீங்கள் வாங்கப்போகும் அதே வேரியன்ட்டில், வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: புதிய மாடலில் அடாஸ் என்ற ஓட்டுநர் உதவி அமைப்பு வந்திருக்கிறது, தானே பிரேக் போடும், தானே லேனில் ஓடும் என்கிறார்கள். அதற்காக உயர்ந்த வேரியன்ட்டை எடுக்கலாமா?

பதில்: குடும்ப வண்டியில் இதன் ஒரு பகுதி மிகவும் பயனுள்ளது, மறுபகுதி ரசனையைப் பொறுத்தது. முன்னால் செல்லும் வண்டி திடீரென நின்றாலோ, யாராவது குறுக்கே வந்தாலோ, நீங்கள் கவனிக்கத் தவறிய வேளையில் பிரேக்கை அழுத்தும் தானியங்கி அவசர பிரேக்கும், பின்னோக்கி எடுக்கும்போது குறுக்கே வரும் வண்டியைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கையும் முதல் வகை. அவற்றுக்காக ஒரு படி மேலே போவதில் தவறில்லை. லேனுக்கு நடுவில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வசதி இரண்டாவது வகை. சாலைக் கோடுகள் தெளிவாக இருக்கும் நெடுஞ்சாலையில் அது களைப்பைக் குறைக்கும். கோடு அழிந்த சாலையில் தேவையில்லாமல் ஸ்டீயரிங்கை இழுத்து எரிச்சலூட்டும்.

விளம்பரங்களில் காணும் 'லெவல் 2' என்பது, வேகத்தையும் திசையையும் வண்டி ஒரே நேரத்தில் கவனித்துக்கொள்ளும், ஆனால் பொறுப்பு முழுவதும் ஓட்டுநருடையது என்ற நிலையைக் குறிக்கிறது. கண் சாலையில் இருந்தே ஆக வேண்டும். இந்த வசதிகள் திடீரென எல்லா வண்டிகளிலும் தலைகாட்டுவதற்குச் சட்டமும் ஒரு காரணம்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் புதிய கார்கள் அனைத்திலும் அவசர பிரேக், வேக வரம்பை உணர்த்தும் அமைப்பு, ஓட்டுநரின் அயர்வைக் கண்டறியும் அமைப்பு ஆகியவை கட்டாயமாகிவிட்டன. அந்த வேக எச்சரிக்கையை அணைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் அது தானாக உயிர்பெற்றுவிடும். எனவே டெஸ்ட் டிரைவில், எந்த எச்சரிக்கையை எத்தனை தொடுதலில் அணைக்க முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தொடுதலில் முடிந்தால் நல்லது. மெனுவுக்குள் மெனுவாக இறங்க வேண்டியிருந்தால், அது தினமும் காலையில் உங்களுக்கு ஒரு வேலை.

விற்பனையாளர் சொல்ல மறக்கும் செய்தியும் ஒன்று இருக்கிறது. இந்த வசதிகள் கேமராவையும் ரேடாரையும் நம்பி இயங்குபவை. கேமரா முன் கண்ணாடியின் உட்புறம், பின்னோக்குக் கண்ணாடிக்கு அருகில் இருக்கிறது. ரேடார் முன் பம்பரிலோ நிறுவனச் சின்னத்தின் பின்னாலோ இருக்கிறது. கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவை மீண்டும் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். பம்பருக்கு முன்னால் அலங்காரக் கம்பி மாட்டினால் ரேடாரின் பார்வை கெடும். சிறிய மோதலுக்குப் பிறகு பம்பரை மட்டும் மாற்றி, ரேடாரின் கோணத்தைச் சரிபார்க்காத பணிமனையில் வண்டியை விடுவது ஆபத்து.

கேள்வி: ஏசி பொத்தான்கள் போய், எல்லாம் பெரிய டச் ஸ்கிரீனுக்குள் வந்துவிட்டன. இது முன்னேற்றமா?

பதில்: என் கணக்கில் இல்லை. ஸ்வீடனின் வீ பிலேகரே என்ற கார் இதழ் 2022-ல் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே, வெப்பத்தைக் கூட்டுவது, ரேடியோ அலைவரிசையை மாற்றுவது போன்ற வேலைகளை ஓட்டுநர்கள் செய்தார்கள். பொத்தான்கள் நிறைந்த 2005-ம் ஆண்டின் வால்வோ வி70-ல் அவை முடிவதற்குள் வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. திரையையே நம்பியிருந்த புதிய கார்களில் மிகப் பின்தங்கியதில் 1,372 மீட்டர். யூரோ என்கேப்பும் 2026 முதல் இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகளை எதிர்பார்க்கிறது. இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும்.

திரை பெரிதாக இருப்பதில் குற்றமில்லை. வரைபடமும் ரிவர்ஸ் கேமராவும் அதில் தெளிவாகத் தெரியும். ஏசியின் வெப்பநிலை, விசிறியின் வேகம், முன் கண்ணாடியின் பனியை நீக்கும் பொத்தான், ஒலி அளவு ஆகிய நான்கும் கைக்குத் தட்டுப்படும்படி இருந்தால் போதும். இல்லாத வண்டியைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: உயர்ந்த வேரியன்ட்டில் 17 அங்குலத்துக்குப் பதில் 19 அங்குலச் சக்கரம். பார்க்க அழகாக இருக்கிறது. வேறு வித்தியாசம் உண்டா?

பதில்: உண்டு, முதுகு அதைச் சொல்லும். 215/60 ஆர்17 டயரில், ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே உள்ள ரப்பர் சுவரின் உயரம், டயரின் அகலமான 215 மில்லிமீட்டரில் 60 விழுக்காடு, அதாவது 129 மில்லிமீட்டர். 235/45 ஆர்19 டயரில் அது ஏறக்குறைய 106 மில்லிமீட்டர். சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால், ரிம் வளர்ந்த அளவுக்கு ரப்பர் குறைந்துவிட்டது என்று பொருள். பள்ளத்தில் இறங்கும்போது முதல் அடியைத் தாங்குவது அந்த ரப்பர்தான். பின்சீட்டில் தூங்கும் குழந்தைக்கு 23 மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியும். கூர்மையான பள்ளத்தில் ரிம் வளையும் வாய்ப்பும் அதிகம். 19 அங்குல டயரை மாற்றும் செலவும் பொதுவாகக் கூடுதல். வளைவுகளில் ஸ்டீயரிங் சற்றே துல்லியமாகும் என்பது மட்டுமே இதில் கிடைக்கும் லாபம். குடும்ப வண்டிக்கு 17 போதும்.

கேள்வி: டிக்கியின் கொள்ளளவு முன்பைவிட லிட்டர் கணக்கில் கூடியிருக்கிறது. உடலமைப்பு மாறவில்லை என்றால் இது எப்படி?

பதில்: பல நிறுவனங்கள் பின்பற்றும் விடிஏ (ஜெர்மன் வாகனத் தொழில் சங்கம்) முறையில், 200×100×50 மில்லிமீட்டர் அளவுள்ள, சரியாக ஒரு லிட்டர் கொண்ட கட்டைகளை டிக்கியில் அடுக்கி எண்ணுகிறார்கள். தரைப் பலகையின் கீழுள்ள குழியைச் சேர்த்து எண்ணினாலும், ஸ்டெப்னியை எடுத்துவிட்டு பஞ்சர் கிட் வைத்தாலும் எண்ணிக்கை உயரும். பலகையைத் தூக்கிப் பாருங்கள், விடை அங்கே இருக்கும்.

கேள்வி: எஞ்சின் பழையதுதான், ஆனால் 'ஹைப்ரிட்' என்ற சின்னம் ஒட்டியிருக்கிறது. மைலேஜும் மாறியிருக்கிறது. நம்பலாமா?

பதில்: எந்த ஹைப்ரிட் என்று முதலில் கேளுங்கள். ஃபேஸ்லிஃப்ட்டில் அதிகம் வருவது 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட். இதில் ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில், பெல்ட்டால் எஞ்சினோடு இணைந்த சிறிய மோட்டார் ஒன்று இருக்கும். வேகம் குறையும்போது மின்சாரம் சேர்க்கும். புறப்படும்போது எஞ்சினுக்குக் கை கொடுக்கும். சிக்னலில் நின்று கிளம்புவதைச் சத்தமில்லாமல் செய்யும். ஆனால் எஞ்சின் இல்லாமல் வண்டியைத் தனியே ஓட்டும் வலு பொதுவாக அதற்குக் கிடையாது. நின்று நின்று போகும் நகரப் போக்குவரத்தில் ஓரளவு மிச்சமாகும்; நெடுஞ்சாலையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. சக்கரத்தை மின்சாரத்திலேயே சுழற்றக்கூடிய முழு ஹைப்ரிட் வேறு. வீட்டில் சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைப்ரிட் அதிலும் வேறு. மூன்றுக்கும் ஒரே சின்னத்தை ஒட்டுவது வாங்குபவருக்குச் செய்யும் நியாயமல்ல.

மைலேஜ் எண்ணைப் பொறுத்தவரை, பழையது, புதியது இரண்டும் ஒரே சோதனை முறையில் அளக்கப்பட்டவையா என்று பாருங்கள். ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் முதல் என்இடிசி என்ற பழைய சோதனை முறையின் இடத்துக்கு டபிள்யூஎல்டிபி என்ற புதிய முறை வந்தபோது, அதே எஞ்சினுக்கே எண்கள் மோசமாகத் தெரிந்தன. வண்டி அதிகமாகக் குடிக்கத் தொடங்கவில்லை, அளவுகோல் நேர்மையாகியிருந்தது.

கேள்வி: பழைய மாடல் தள்ளுபடியில் கிடைக்கிறது. அதை எடுப்பதா, புதியதற்குக் காத்திருப்பதா?

பதில்: மாற்றம் விளக்குகளிலும் திரையிலும் மட்டுமே என்றால், நீண்ட காலம் வைத்து ஓட்டுபவர்கள் பழையதைத் தயங்காமல் எடுக்கலாம், உற்பத்தியின் கடைசிக் கட்டத்தில் வரும் வண்டிகளில் தொடக்கக் காலக் கோளாறுகள் பெரும்பாலும் சரிசெய்யப்பட்டிருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் விற்கும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும், ஏனெனில் செகண்ட் ஹேண்ட் சந்தையில் முகம் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். புதியதில் கூடுதல் ஏர்பேக்குகளோ, அவசர பிரேக்கோ, மேம்பட்ட எஞ்சின்-கியர்பாக்ஸோ வந்திருந்தால் காத்திருப்பதே சரி. க்ரெட்டாவின் 2024 மாற்றத்தில் 1.4 லிட்டர் டர்போவின் இடத்துக்கு 160 பிஎஸ் திறனுள்ள 1.5 லிட்டர் டர்போ வந்தது. அத்தகைய மாற்றத்தை ஒப்பனை என்று ஒதுக்க முடியாது. பழையதை எடுப்பதானால், வண்டி உற்பத்தியான மாதத்தைத் தகட்டில் பாருங்கள். பல மாதங்கள் யார்டில் நின்ற வண்டி என்றால் பேட்டரியையும் டயரையும் சோதித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கேள்வி: என்னிடம் பழைய மாடல் இருக்கிறது. புதிய ஹெட்லைட்டை வாங்கி இதில் மாட்டலாமா?

பதில்: வேண்டாம். பம்பர், கிரில், பானெட் விளிம்பு ஆகிய எல்லாம் சேர்ந்து மாறியிருப்பதால், விளக்கைப் பிடிக்கும் புள்ளிகளே பொருந்தாது. பொருத்தினாலும் இணைப்பியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வேறாக இருக்கும். வெளிச்சம்தான் குறை என்றால், விளக்கின் கண்ணாடி மங்கியிருக்கிறதா என்று பார்த்து மெருகேற்றச் சொல்லுங்கள். ஒளிக்கற்றையின் உயரத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள். அநேகம் பேருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.