பட்டன் இல்லையென்று எஃப்.சி.யில் திருப்பி அனுப்பிவிட்டார்களா? டயர் கேள்வி – பதில்

கேள்வி: மஞ்சள் போர்டு டிசையர் ஓட்டுகிறேன். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) காட்டியபோது முன் டயர் இரண்டிலும் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடுகள்) இல்லையென்று பிரேக் இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பின் டயர்கள் சுமாராக இருக்கின்றன. இப்போது இருப்பது 165/80 ஆர்14. கடைக்காரர், "175/65 ஆர்14 கைவசம் இருக்கிறது. அகலம் கூட, ரோட்டை நன்றாகக் கவ்வும்" என்கிறார். வாங்கிப் போடலாமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: போடாதீர்கள். அகலம் 10 மி.மீ. கூடுவது உண்மைதான், ஆனால் உயரம் குறைவதை அவர் சொல்லவில்லை. 165/80 என்றால், 165 மி.மீ. அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 14 அங்குல டிஸ்க், அதாவது டயர் மாட்டும் உலோகச் சக்கரம். கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய 620 மி.மீ. 175/65-க்கு இதே கணக்கைப் போட்டால் 583 மி.மீ.தான் வரும். சக்கரம் ஆறு சதவீதம் சின்னதாகிவிடுகிறது. ஸ்பீடோமீட்டர் முள் 80-இல் நிற்கும்போது வண்டி 75-இல் போய்க்கொண்டிருக்கும். மீட்டரில் ஆயிரம் கிலோமீட்டர் ஏறினால் நிஜத்தில் ஓடியது 940 சொச்சம். வாடகை வண்டியில் இது பயணியோடு தகராறில்தான் முடியும். வண்டியின் அடிவயிறும் 18 மி.மீ. கீழே இறங்கும், நம் ஊர் வேகத்தடைகளில் அது பெரிய விஷயம்.

இன்னொன்று எடை. அளவுக்குப் பக்கத்தில் 85டி (85T) என்று இருக்கும். 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதற்கான எண். டி என்பது மணிக்கு 190 கி.மீ. வரையிலான வேகக் குறியீடு. அவர் காட்டும் 175/65 ஆர்14-இல் பெரும்பாலும் 82 என்றுதான் இருக்கும். அது 475 கிலோ. ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டி என்று ஓடும் வண்டியில் தாங்கும் திறனைக் குறைத்து வாங்குவதில் என்ன லாபம்? எண்ணும் எழுத்தும் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 165/80 ஆர்14 அரிய அளவு ஒன்றும் இல்லை. ஒரு நாள் பொறுத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள்.

புது டயருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் கழற்றிய பழைய டயரைத் தரையில் படுக்கவைத்து உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எஃப்.சி. போனதற்குக் காரணம் அதில்தான் இருக்கிறது. நடுப்பட்டை மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் மிச்சமிருந்தால் காற்று போதாமல் ஓடியிருக்கிறது. உள் ஓரம் மட்டும் வழித்துவிட்டாற்போல் மொட்டையாக இருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) போய்விட்டது. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் மூன்றிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புஷ் செத்த வண்டிக்கு அலைன்மென்ட் செய்தால் பட்டறை வாசலைத் தாண்டுவதற்குள் மாறிவிடும். ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப் பல் போல் கையில் குத்துகிறதா? அது டோ கோளாறு, அதாவது சக்கரங்கள் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கின்றன. அங்கங்கே குழி குழியாகத் தின்றிருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ சந்தேகப்படுங்கள். இதையெல்லாம் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால், அடுத்த எஃப்.சி.க்கும் இதே சீட்டுதான் கையில் வரும்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கத்தில் அந்த நான்கு இலக்கம் இல்லையென்றால் டயரைத் திருப்புங்கள், மறுபக்கத்தில் இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனுடன் ஐ.எஸ். 15633 என்ற எண்ணும் இருக்க வேண்டும். காருக்கான டயரின் தர எண் அதுதான். விலை பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

கடைசியாக, இரண்டு மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் புதியவை பின்னால் போகட்டும், பின்னால் இருப்பவை முன்னால் வரட்டும். கடைக்காரர் சிரிப்பார், முன்சக்கரம்தானே இழுக்கிறது, முன்சக்கரம்தானே திரும்புகிறது என்பார். முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், காலை எடுத்தால் வண்டி பெரும்பாலும் கைக்குள் வந்துவிடும். மழைத் தண்ணீரில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அதைப் பிடித்து நிறுத்துவது தேர்ந்த ஓட்டுநருக்கே கஷ்டம். ஆனால் முன்னால் கொண்டுவரும் பழைய டயரில் 3 மி.மீ.யாவது பட்டன் இருக்கிறதா என்று அளந்த பிறகே இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் நான்கையும் மாற்றுவதுதான் வழி. எப்படி மாற்றினாலும் ஒரே அச்சில் இடமும் வலமும் ஒரே அளவு, ஒரே டிசைன்.

கேள்வி: பட்டன் எவ்வளவு இருந்தால் விடுவார்கள்? அளக்கக் கருவி வேண்டுமா?
– ஓசூர் வாசகர்

பதில்: காருக்கு 1.6 மி.மீ. கருவி இல்லாமலேயே பார்க்கலாம். டயரின் தோள்பட்டையில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. (TWI) என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சிறு மேடு தெரியும். பட்டனும் அந்த மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. நடுவில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, குனிந்து, உள் ஓரத்தையும் பாருங்கள். நின்றபடி பார்த்தால் கண்ணில் படாத இடம் அதுதான், இன்ஸ்பெக்டர் கை வைக்கும் இடமும் அதுதான். சட்டம் 1.6 என்றாலும் மழைக்காலத்துக்கு முன் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது நல்லது. புது டயரில் ஏழெட்டு மி.மீ. ஆழப் பள்ளம் இருப்பதே தண்ணீரை வெளியே தள்ளத்தான்.

கேள்வி: பாதி விலைக்குச் செகண்ட்ஹேண்ட் டயர் கிடைக்கிறது. பட்டன் புதிது போலவே ஆழமாக இருக்கிறது. எஃப்.சி. ஆகிவிடும்தானே?
– சேலம் வாசகர்

பதில்: ஆழமாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. தேய்ந்த டயரைச் சூடான பிளேடால் கீறிப் பள்ளம் வெட்டி, கறுப்புப் பாலிஷ் பூசி விற்பது உண்டு. கண்டுபிடிப்பது எளிது. மேலே சொன்ன முக்கோணத்துக்கு நேராகப் பள்ளத்தில் விரலை விடுங்கள். மேடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லையா, அல்லது நடுவில் அறுபட்டிருக்கிறதா? வெட்டிய டயர். பள்ளத்தின் அடி ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலாகவும் இருக்கும், விளிம்பில் பிளேடு போன தடம் தெரியும். லாரி டயர்களில் சிலவற்றை இப்படி வெட்டுவதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்கிறார்கள். கார் டயரில் அது கிடையாது. பள்ளத்துக்கு அடியில் கொஞ்சம் ரப்பர், அதற்கும் கீழே எஃகுக் கம்பி. அதைக் கீறிவிட்டு நாலுவழிச் சாலையில் மே மாத வெயிலில் ஓட்டினால் டயர் வெடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வெட்டாத பழைய டயராக இருந்தாலும் தேதி, பக்கச்சுவர், உட்புறம் மூன்றையும் பார்க்காமல் வாங்காதீர்கள். உள்ளே பெரிய ஒட்டுப் போட்டிருந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: சொந்த உபயோகத்துக்கான ஆல்டோ. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போனோம். வண்டி அதிகம் ஓடவில்லை, பட்டன் அப்படியே இருக்கிறது. ஆனாலும் டயரை மாற்றி வரச் சொல்லிவிட்டார்கள். இது நியாயமா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: நியாயம்தான். ரப்பர் ஓடினால் மட்டுமல்ல, சும்மா நின்றாலும் கெடும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதை இறுக்கி விரிசல் விட வைக்கும். பக்கச்சுவரில் மேலோட்டமாக முடி போல் கோடுகள் மட்டும் இருந்தால் உடனே ஆபத்தில்லை. பள்ளத்தின் அடியில் விரிசல் ஓடினாலோ, கட்டை விரலால் அழுத்தும்போது விரிசல் வாய் திறந்தாலோ அது ரோட்டுக்கு லாயக்கில்லை. ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். பத்து வருடமானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும்.

உங்கள் வீட்டில் இந்த யோசனை வந்திருக்கும்: "ஸ்டெப்னி புதுசாகவே இருக்கிறதே, அதை ஒரு பக்கம் போட்டுவிட்டு மூன்று மட்டும் வாங்கினால் என்ன?" ஸ்டெப்னியின் நான்கு இலக்கத்தைப் படித்துப் பாருங்கள். வண்டியோடு வந்ததென்றால் அதற்கும் அதே வயசு. பஞ்சர் கடை வரை போக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கூடச் சொல்ல மாட்டோம்.

கேள்வி: எஃப்.சி. நாளுக்கு மட்டும் டயரை வாடகைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள்…
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: சான்றிதழ் கிடைக்கும். அன்று சாயங்காலமே பழைய மொட்டை டயரோடு பயணியை ஏற்றப்போவது நீங்கள். மழையில் பிரேக் பிடிக்கும்போது அந்தக் காகிதம் வந்து நிற்காது. இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் இடம் ஒதுக்க விருப்பமில்லை.

கேள்வி: டயர் கடையில் பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்? நைட்ரஜன் அவசியமா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: முதலில் வால்வு. புது டயருக்குப் பழைய ரப்பர் வால்வை விட்டுவைப்பார்கள். சில்லறைச் செலவுதான், மாற்றச் சொல்லுங்கள். கடற்கரை ஊர்க்காரரான நீங்கள் இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது டிஸ்க்கின் விளிம்பு. டயர் உட்காரும் இடத்தில் துரு பிடித்துப் பொருக்காக இருந்தால் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்த பிறகே மாட்ட வேண்டும். இல்லையென்றால் பஞ்சரே இல்லாமல் வாரா வாரம் காற்று இறங்கும். டியூப்லெஸ் டயரில் அப்படி இறங்கும்போது "உள்ளே ஒரு டியூப் போட்டுவிடலாம்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். டியூப் உள்ளே உராய்ந்து சூடாகும், ஆணி ஏறினால் காற்று மெல்ல இறங்காமல் ஒரேயடியாகப் போய்விடும்.

டயரில் அம்புக்குறி இருந்தால் அது வண்டி முன்னே போகும் திசையைக் காட்ட வேண்டும். 'அவுட்சைடு' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே. காற்று ஏற்றிய பின் டிஸ்க்கை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை, பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் ஸ்டியரிங் ஆடும். நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே முடுக்க வேண்டும், 100 கி.மீ. ஓடியதும் ஒரு முறை சரிபாருங்கள். அலைன்மென்ட் எல்லாம் மாட்டி முடித்த பிறகு, கடைசியாக.

நைட்ரஜன் இலவசமென்றால் பிடித்துக்கொள்ளுங்கள், காசு கேட்டால் வேண்டாம். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே அது 78 சதவீதம் இருக்கிறது. எவ்வளவு வைப்பது என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உண்டு. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது அளங்கள். ஓடி வந்த சூட்டில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட வேண்டாம். முதல் 200, 300 கி.மீ. வரை கொஞ்சம் நிதானமாக ஓட்டுங்கள், டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த வழவழப்பு தேய்ந்து போகும் வரை புது டயர் முழுப் பிடிப்பைத் தராது.