டம்ளர் ஏன் சரிந்து நிற்கிறது?

வணக்கம் ஐயா,

கொஞ்ச காலமாகப் பென்சில் ஓவியம் பழகுகிறேன். போட்டோவைப் பார்த்து வரைந்தால் ஓரளவு அப்படியே வந்துவிடுகிறது. மேஜைமேல் டம்ளரையும் கண்ணாடி பாட்டிலையும் வைத்து நேரில் பார்த்து வரைந்தால் எல்லாம் கோணிப்போகிறது. டம்ளர் இப்போதோ அப்போதோ விழுந்துவிடும்போல் நிற்கிறது. போட்டோவே போதும் என்று இருந்துவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விட்டுவிடாதீர்கள். போட்டோ சுலபமாக வருவதற்குக் காரணம், பாதி வேலையை கேமராவே முடித்துவிடுகிறது. ஒற்றைக் கண்ணால், ஓரிடத்தில் நின்று பார்த்ததைத் தட்டையாக்கி உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது. நேரில் உங்களுக்கு இரண்டு கண்கள். தலை சற்று அசைந்தாலும் எல்லாம் இடம் மாறும். கேமரா செய்த அந்த வேலையை நீங்களே செய்யும்போதுதான் வரையவே ஆரம்பிக்கிறீர்கள் என்பேன்.

சரி, டம்ளருக்கு வருவோம். அதன் வாய் வட்டம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கை அதை அகலத் திறந்து வரைகிறது. அடிப்பாகம் மேஜையில் தட்டையாகப் படிந்திருப்பதும் தெரியும். அங்கே ஒரு நேர்கோடு விழுகிறது. இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த டம்ளரும் நிற்காது. டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். வாய் ஒரே கோடாகத் தெரியும். மெதுவாக இறக்குங்கள். கோடு ஒடுங்கிய நீள்வட்டமாகி, இறங்க இறங்க விரியும். அடிப்பாகம் வாயைவிடக் கீழே இருப்பதால், அதன் வளைவு வாயின் வளைவைவிட அதிகமாகத்தான் இருக்கவேண்டும். நீள்வட்டத்தின் இரு ஓரங்களையும் கூர்மையாக முடிக்காதீர்கள். அங்கேயும் கோடு வளைந்துதான் திரும்புகிறது.

அளவுக்குப் பென்சில் போதும். முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, டம்ளரின் அகலத்தைப் பென்சிலில் கட்டைவிரலால் குறித்து, உயரத்தில் அது எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். அப்புறம், இரண்டு பொருள்களுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தையும் ஒரு வடிவமாக வரையுங்கள். டம்ளர் எப்படி இருக்கும் என்று மனதுக்கு ஏற்கெனவே ஒரு தீர்மானம் உண்டு. அந்தக் காலி இடத்தைப் பற்றி எதுவும் கிடையாது. அதனால் கண் சொல்வதைக் கை கேட்கும்.

நிழலைப் பற்றி இப்போதைக்கு ஒன்றுதான். பொருள் மேஜையைத் தொடும் இடத்தில் மெல்லிய, மிகக் கறுத்த ஒரு கீற்று இருக்கும். அதை விட்டுவிட்டால் டம்ளர் மிதக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும்.

கண்ணாடி பாட்டிலை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். அதன் மினுக்கம் வடிவத்தைப் பார்க்க விடாது. இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராந்தி (1890–1964) சில பாட்டில்களுக்கு மினுக்கமில்லாத வண்ணம் பூசிவிட்டுத்தான் வரைந்தார். போலோஞ்ஞாவில் தன் அறையில், அதே பாட்டில்களையும் ஜாடிகளையும் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பல பத்தாண்டுகள் வரைந்தவர் அவர். நீங்களும் மங்கலான ஒரு பீங்கான் கோப்பையை எடுத்து, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கை வைத்து ஆரம்பியுங்கள். நாற்காலியை மட்டும் நகர்த்தாதீர்கள். படத்தை அனுப்பினால் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.