சிறிய ஊரில் ஹாம் ரேடியோ சங்கம் எதற்கு?

அரசிடம் உரிமம் பெற்றவர்கள் சொந்த வானொலிக் கருவியில், வணிக நோக்கம் இல்லாமல், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ. அதைப் பற்றித் தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: "நான் வணிகவியல் படித்தவன், மின்னணுவியல் தெரியாது. ஹாம் ரேடியோவில் ஆர்வம் உண்டு. உரிமத்தையும் தனியாக எடுக்கலாம், கருவியையும் தனியாக வாங்கலாம் என்னும்போது சங்கம் எதற்கு? கைப்பேசி இருக்கும் காலத்தில் அங்கே கூடி என்னதான் செய்கிறார்கள்?"

காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவன் நான். 2016 முதல் எங்கள் ஊர்ச் சங்கத்தில் இருக்கிறேன். அதில் மூன்று ஆண்டுகள் செயலாளராகவும் இருந்திருக்கிறேன். எனவே வணிகவியல் படித்தவருக்கு இது வசப்படுமா என்ற ஐயத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். உரிமத்தைத் தனியாக எடுக்கலாம், கருவியைத் தனியாக வாங்கலாம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் ஆன்டெனாவைத் தனியாக ஏற்ற முடியாது. கயிற்றைப் பிடிக்க ஒருவர், கம்பத்தைத் தாங்க ஒருவர், தரையில் நின்று அளவு பார்க்க ஒருவர், எல்லோரையும் அதட்ட ஒருவர் என்று நான்கு பேராவது வேண்டும். அந்த நான்கு பேர்தான் சங்கம்.

எங்கள் பதிவேட்டில் பதினான்கு பெயர்கள் இருக்கின்றன. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலைக் கூட்டத்திற்கு எட்டு அல்லது ஒன்பது பேர் வருவார்கள். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் இந்த ஊரில் எழுந்ததால், பேட்டரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருவர் எங்களுக்கு வாய்த்திருக்கிறார்கள். ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஒரு பள்ளி ஆசிரியை, கல்லூரி மாணவர்கள் சிலர், 2013 ஜூலையில் தந்தி சேவை நிறுத்தப்படும் முன்பே ஓய்வுபெற்றுவிட்ட தந்தி ஊழியர் ஒருவர் ஆகியோரும் உண்டு. இந்தத் தந்திக்காரர் திண்ணையில் உட்கார்ந்து, எந்தக் கருவியும் இல்லாமல், "டா டிட் டா டிட், டா டா டிட் டா" என்று வாயாலேயே மோர்ஸ் என்னும் தந்திக் குறியீட்டைச் சொல்லிக்கொடுப்பார். அது 'சி கியூ', அதாவது "யாராவது கேட்கிறீர்களா?" என்னும் பொது அழைப்பு. எழுத்தாக எண்ணாதே, பாட்டுப் போலக் காதில் வாங்கு என்பது அவருடைய ஒரே பாடம். நான் தேர்வெழுதிய காலத்தில் பொதுநிலை உரிமத்திற்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும். மட்டுப்பட்ட நிலைக்கு அது தேவையில்லை. இரண்டாவதையே முதலில் எடுத்தேன், வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி, அதாவது வானொலியில் என்னை அடையாளம் காட்டும் பெயர், கிடைத்தது. மோர்ஸ் படித்துப் பொதுநிலைக்குரிய வி.யு.2 ஆக மாற எனக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இனி ஆன்டெனாவுக்கு வருகிறேன். செட்டிநாட்டு வீடுகள் ஆன்டெனாவுக்காகவே கட்டப்பட்டவையோ என்று தோன்றும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீட்டின் மேல், நாற்பது மீட்டர் அலைவரிசைக்கான 66 அடிக் கம்பியை எந்த மடிப்பும் இல்லாமல் இழுத்துக் கட்டலாம். அடுக்குமாடியில் குடியிருக்கும் சென்னை ஹாம்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் இடம் இருக்குமே தவிர, அனுமதி எளிதில் கிடைக்காது. வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. ஆணி ஒன்று அடிப்பதானாலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்குதாரர்கள் அனைவரும் சரி என்று சொல்ல வேண்டும்.

பள்ளத்தூரில் எங்கள் உறுப்பினரான ஆச்சி ஒருவரின் வீட்டில் இந்தச் சிக்கல் வந்தது. அவர் உறுப்பினரான கதையே தனி. நாங்கள் நடத்திய அறிமுகக் கூட்டத்திற்குப் பேரனுக்குத் துணையாக வந்தவர் அவர். தேர்வெழுதப் பன்னிரண்டு வயது நிறைந்திருந்தால் போதும் என்று நாங்கள் பேரனைப் பார்த்துச் சொல்ல, மேல் வரம்பு உண்டா என்று ஆச்சி கேட்டார். இல்லை என்றோம். பேரன் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. ஆச்சி அறுபத்து மூன்றாம் வயதில் எழுதித் தேறினார்.

அவர் வீட்டு மாடியில் புதிதாக எதையும் நடக் கூடாது என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் அண்ணாந்து பார்த்து, ஏற்கெனவே அங்கே துருப்பிடித்து நின்ற இரும்புக் குழாயைக் காட்டினார். 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, அதன் படம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடற்கரைக்கு அருகில் இருந்த நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு உயரமான குழாய் ஏற்றியது நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஏற்றப்பட்ட குழாய்தான் அது. பழைய குழாயில் கம்பி கட்டுவது புதிதாக நடுவது ஆகாதே என்று ஆச்சி தொலைபேசியில் வாதாடி வென்றார்.

ஒரு ஞாயிறு காலை ஏழு பேர் போனோம். கம்பியின் நடுப்பகுதியைக் குழாயின் உச்சியில் கப்பி வைத்து ஏற்றி, ஒரு முனையை முகப்பு மாடியில் கட்டிய மூங்கிலுக்கும் மறு முனையைக் கொல்லையில் இருந்த தென்னைக்கும் இழுப்பதாகத் திட்டம். தென்னையில் ஏற ஆள் கிடைக்காததால், மாணவன் ஒருவன் உண்டிவில்லால் ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பை மட்டைகளுக்கு மேலே எறிந்தான். மூன்றாவது முறை சரியாக விழுந்தது. கயிற்றைப் பிடித்திருந்த நான், காற்று வேகமாக அடித்த ஒரு நொடியில் கையைத் தளர்த்திவிட்டேன். முனையில் கட்டியிருந்த ஈயக்குண்டு வளவின் மேல் தாழ்வாரத்தில் விழுந்து நான்கு நாட்டு ஓடுகளை உடைத்தது. பங்காளிகள் முகம் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்து போயிற்று. ஆச்சி கீழேயிருந்து, "ஓடுதானே தம்பி உடைஞ்சது, உங்க தலை இல்லையே? கயித்த விடாமப் பிடிங்க" என்றார். அதே அளவுள்ள பழைய ஓட்டைத் தேடி அடுத்த வாரம் முழுவதும் அலைந்து, முடிவில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் வாங்கிப் பதித்தேன். செலவு என்னுடையது என்று கூட்டக் குறிப்பேட்டில் இன்றும் பதிவாகி இருக்கிறது.

கம்பி ஏறிய பிறகுதான் கணக்கு வேலை. நானோ வி.என்.ஏ. என்னும் கையடக்க அளவுமானியை இணைத்துப் பார்த்தபோது கம்பி, நாற்பது மீட்டர் அலைவரிசைக்கு வேண்டிய 7.1 மெகாஹெர்ட்சில் ஒத்திசையாமல் 6.9இல் ஒத்திசைந்தது. கம்பி நீளமாக இருந்தால் ஒத்திசைவு கீழே இறங்கும். 468ஐ மெகாஹெர்ட்சில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால் கம்பியின் நீளம் அடிக்கணக்கில் வரும். எனவே இரு புறமும் ஏறக்குறைய ஓர் அடி வெட்ட வேண்டும். இறக்கு, வெட்டு, ஏற்று, அள என்று இரண்டு முறை செய்தோம். இந்த வகுத்தல் கணக்கைச் செய்தவன் நான்தான்; உங்கள் வணிகவியல் இதற்குப் போதும்.

பதினோரு மணிக்கு வெள்ளைப்பணியாரமும் மிளகாய்ச் சட்டினியும் வந்தன. சங்கத்தின் உண்மையான கூட்டம் அப்போதுதான் நடந்தது என்பேன். அடுத்து யார் வீட்டில் கயிறு இற்றுப்போயிருக்கிறது, யாருடைய பேட்டரி இறங்கிவிட்டது, எந்த மாணவனுக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட இயலவில்லை என்பதெல்லாம் தட்டு காலியாகும் முன்பு பேசித் தீர்க்கப்பட்டன.

அதற்குப் பத்து நாள் கழித்து ஓர் இரவு எட்டரை மணிக்கு, மட்டுப்பட்ட உரிமத்துக்கு அனுமதிக்கப்பட்ட 50 வாட்டிற்குள், ஆச்சி முதல் வெளிநாட்டுத் தொடர்பைப் பெற்றார். எதிர்முனை பினாங்கு, அங்கே அப்போது இரவு பதினோரு மணி. ஆச்சியின் ஐயா பினாங்கில் கடை வைத்திருந்தவர். அந்த ஊர்ப் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டதும் ஆச்சிக்குத் தன் அழைப்புக்குறியே மறந்துவிட்டது. அருகில் இருந்த ஆசிரியை தாளில் எழுதிக் காட்டினார். பின்னர் அங்கிருந்து வந்த கியூ.எஸ்.எல். அட்டையை, அதாவது தொடர்பை உறுதி செய்யும் அஞ்சலட்டையை, பட்டாலைச் சுவரில் ஐயாவின் படத்திற்குக் கீழே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். இன்னொரு வேடிக்கை: ஹாம் அலைவரிசையில் வணிகம் பேசக் கூடாது. கொண்டுவிற்கக் கடல் கடந்து போன குடும்பத்தில், காசு பற்றி ஒரு சொல் இல்லாமல் பினாங்கோடு பேசிய முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று ஆச்சி சொல்லிச் சிரிப்பார்.

வாராந்தர ஒலிக்கூட்டத்தை 'நெட்' என்கிறோம். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு இரண்டு மீட்டர் அலைவரிசையில் ஒருவர் நடத்துநராக இருந்து ஒவ்வொருவரையும் அழைப்புக்குறி சொல்லிக் கூப்பிடுவார்; மற்றவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே வர முடியாது, வந்தால் இருவர் குரலும் கெடும். உலகெங்கும் ஹாம்கள் ஆண்களை வயது பாராமல் 'ஓ.எம்.' என்று விளிப்பது வழக்கம். 'ஓல்டு மேன்' என்பதன் சுருக்கம். பத்தொன்பது வயது மாணவன் எழுபது வயதுப் பெரியவரை அப்படிக் கூப்பிட நம் பக்கத்தில் நாக்கு எழாது. ஆகவே எங்கள் நெட்டில் "அண்ணே ஓ.எம்." என்ற ஒரு விளி தானாகப் பிறந்துவிட்டது. மதுரை ஹாம்கள் இதை வைத்து எங்களைக் கிண்டல் செய்கிறார்கள், செய்துகொள்ளட்டும்.

ஒரு பங்குனி மாத இரவில் அந்த நெட் முடிந்தபின் கருவியை அணைக்காமல் இருந்தபோது, கரகரப்புக்கு நடுவே, "எங்கேயிருந்து கதைக்கிறியள்?" என்ற குரல் தெளிவாக எழுந்தது. இரண்டு மீட்டர் அலைகள் பொதுவாகப் பார்வைத் தொலைவோடு நின்றுவிடுபவை. ஆனால் கடல் மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெப்பக் காற்றுமாகப் படிந்து நிற்கும் இரவுகளில், இரண்டுக்கும் இடையே அலை குழாய்க்குள் போவது போல வளைந்து நெடுந்தொலைவு செல்லும். ரூபவாஹினி சில இரவுகளில் மட்டும் பளிச்சென்று தெரிந்ததற்கும் இதுவே காரணம். இலங்கையிலிருந்து பேசிய அந்த நண்பரோடு நாங்கள் ஐவர் முறை வைத்துப் பேசினோம். நாற்பது நிமிடம் கழித்துக் குரல் மெல்ல அமிழ்ந்தது. மறுநாள் இரவும் ஐவரும் காத்திருந்தோம். வரவில்லை.

பேரிடர்ச் சேவை பற்றியும் கேட்பீர்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது, வேறு நோக்கத்திற்காக அந்தமானுக்குப் போயிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பியது வரலாறு. எங்கள் பங்கு அதற்கு ஒப்பிடத்தக்கதே அன்று. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்தபின், அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்த எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு மின்சாரமும் கைப்பேசிச் சமிக்ஞையும் இல்லை. பழைய தொலைக்காட்சி ஆன்டெனாவின் அலுமினியக் குழாய்களில் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து செய்த, அலையை ஒரே திசையில் குவித்து அனுப்பும் யாகி ஆன்டெனாவும், டிராக்டர் பேட்டரியும் அவரிடம் இருந்தன. மூன்று நாட்களில் நாங்கள் கைமாற்றியவை ஒன்பது செய்திகள். அவற்றில் ஏழு, "நலமாக இருக்கிறோம்" என்பதுதான். ஒன்று இன்சுலின் தேவை. காரைக்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தோம். இன்னொன்றுக்கு உரியவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் செய்தித் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஊரையே காப்பாற்றினோம் என்று சில ஆர்வலர்கள் பேசுவது எனக்கு உவப்பில்லை. ஆனால் வாராவாரம் வேலையற்றவர்கள் போல நெட்டில் குறிப்பெடுத்துப் பழகாதிருந்தால் அந்த எட்டும் போய்ச் சேர்ந்திருக்காது.

குறைகளும் உண்டு. கருவியையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்சியல் கேபிளில் எது சிறந்தது என்ற விவாதத்தில் இரண்டு பெரியவர்கள் ஓராண்டு பேசாமல் இருந்திருக்கிறார்கள். விலை குறைந்த எல்.இ.டி. பல்புகளும் இன்வெர்ட்டர்களும் கிளப்பும் இரைச்சலால் மாலை நேரத்தில் நாற்பது மீட்டர் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிறது. எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று டிரான்சிஸ்டர் வானொலியைக் கையில் பிடித்துத் தெருத்தெருவாகப் போனால், ஊர்மக்கள் எங்களைப் பார்க்கும் பார்வை சொல்லத்தக்கதன்று.

உங்களுக்கு என் யோசனை: உரிமம் கைக்கு வருமுன் பேசும் கருவி எதையும் வாங்காதீர்கள், அது சட்டப்படி தவறு, பணமும் வீண். முதலில் வந்து பாருங்கள். வரும் இரண்டாம் ஞாயிறு, ஆச்சி வீட்டுத் தென்னைப் பக்கத்துக் கயிறு வெயிலில் இற்றுவிட்டதால் மாற்றப் போகிறோம். மாலைக் கூட்டமும் அன்று அங்கேதான். வெயில் ஏறுமுன் காலை ஆறரைக்கே தொடங்கிவிடுவோம்; கயிறு பிடிக்க ஓர் ஆள் குறைகிறது, என்னை அந்த வேலைக்கு இப்போது விடுவதில்லை.