ஜேஇஇ மெயின் கணக்கு எழுதி முடிச்சதும் பிரண்ட்ஸ் கூட விடை ஒத்துப் பாக்கலாமா?

தாராளமா பாக்கலாம், ஆனா சென்டர் வாசல்ல வச்சு வேண்டாம். நீங்க போட்ட விடையெல்லாம் காட்டுற ரெஸ்பான்ஸ் ஷீட் வந்த பிறகு பேப்பர் பேனாவோட உக்காந்து பாருங்க. நான் தக்கலை பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு கணக்கு டியூஷன் எடுக்கேன், வருஷா வருஷம் இதைப் பாத்து மனசு கஷ்டப்படுறதால கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன்.

எழுதி முடிச்சு வெளிய வரும்போது ரஃப் ஷீட்டை அங்கேயே வாங்கி வச்சிருவாங்க, கேள்வி எல்லாம் கம்ப்யூட்டரோட போச்சு, மூணு மணி நேரம் 75 கேள்வியோட மல்லுக்கட்டி களைச்சுப்போன ஞாபகம் மட்டும்தான் மிச்சம். அதை வச்சுகிட்டு "எனக்கு 2 வந்துச்சு, உனக்கு?"ன்னு ஆரம்பிப்பாங்க, மூணு பேர் ஒரே விடை சொன்னா அதுதான் சரின்னு முடிவு பண்ணிருவாங்க. கணக்குல ஓட்டெடுப்பு கிடையாது மக்களே.

சின்னதா ஒண்ணு போட்டுக் காட்டுதேன். லாக் எக்ஸ் + லாக் (எக்ஸ் − 2) = 3, ரெண்டுக்கும் பேஸ் 2, எத்தனை தீர்வு? சுருக்கினா எக்ஸ் ஸ்கொயர் − 2 எக்ஸ் − 8 = 0, எக்ஸ் 4 இல்லன்னா −2. அவசரத்துல முக்காவாசிப் பேர் இங்கயே நிறுத்தி 2ன்னு போட்டுருவாங்க. லாக் உள்ள நெகட்டிவ் வராது, அதனால −2 போச்சு, விடை 1. சரியா போட்டவ ஒருத்தியா நின்னா அவதான் பயந்து போவா.

அப்படித்தான் ஆச்சு. என்கிட்ட படிச்ச பிள்ளை ஒருத்தி நாகர்கோவில்ல எழுதிட்டு வடசேரி பஸ் ஸ்டாண்ட்ல நின்னு பேசினப்ப கூட வந்த மூணு பேரும் ஒரு விடை, இவ மட்டும் வேற, தக்கலை வந்து இறங்குறதுக்குள்ள அழுது கண்ணு வீங்கிப் போச்சு. ராத்திரி அவ அம்மா போன்ல "சார், பிள்ள சோறே திங்க மாட்டேங்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னாங்க. சரியான விடை போட்ட ஆன்சர் கீ வந்தப்போ இவ போட்டதுதான் சரி. ஆனா அதுவரைக்கும் கணக்கு புக்கையே தொடல, மார்ச்ல பப்ளிக் எக்ஸாம் வேற இருக்கு.

காலை ஷிப்ட்டும் மதியம் ஷிப்ட்டும் வேற வேற பேப்பர், அதனால வேற ஷிப்ட்ல எழுதினவன்கூட உங்க மார்க்கை ஒப்பிடவே கூடாது. பர்சண்டைல், அதாவது நூத்துக்கு எத்தனை பேர் உங்க அளவோ அதுக்குக் கீழயோ இருக்காங்கங்கிற கணக்கு, அந்தந்த ஷிப்ட்ல எழுதினவங்களை வச்சுதான் வரும். ஒரே ஷிப்ட்டா இருந்தாலும் ஆப்ஷன் வரிசை ஆளுக்கு ஆள் மாறும், "நான் மூணாவது ஆப்ஷன் போட்டேன்"ங்கிறதுக்கு அர்த்தமே இல்ல.

ரெஸ்பான்ஸ் ஷீட்ல ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஐடி, நாலு ஆப்ஷனுக்கும் தனித்தனி ஐடி, கீழ நீங்க தேர்ந்தெடுத்த ஆப்ஷன் 3ன்னு இருக்கும். பிள்ளைங்க அந்த 3ஐ மட்டும் பாத்துட்டு குழம்பிருவாங்க. மூணாவது ஆப்ஷனோட ஐடி எதுன்னு மேல பாத்து அதைத்தான் ஆன்சர் கீயில உள்ள ஐடியோட ஒத்துப் பாக்கணும். ஆப்ஷன் இல்லாம விடையை நம்பரா டைப் பண்ற செக்ஷன் பி-ல நீங்க டைப் பண்ண நம்பரே இருக்கும், அது சுலபம். கூட்டும்போது கவனிங்க, சரின்னு நெனச்ச ஒண்ணு தப்பாச்சுன்னா 4 போறதோட நெகட்டிவ் 1ம் சேர்ந்து 5 மார்க் இறங்கும்.

இந்த நேரத்துல பிரண்ட்ஸ் வேணும், கண்டிப்பா வேணும். அவன் எந்த வழியில போட்டான், உங்களுக்கு எந்த ஸ்டெப்ல வழுக்குச்சு, இதைப் பேசினா ஏப்ரல் செஷனுக்கு அப்படியே உதவும், ஜனவரி, ஏப்ரல் ரெண்டும் எழுதினா அதுல நல்ல ஸ்கோரைத்தானே ரேங்குக்கு எடுக்காங்க. முதல்ல வர்ற கீ தற்காலிகம்தான், தப்பு இருந்தா சேலஞ்ச் பண்ணலாம், 2025ல ஒரு கேள்விக்கு 200 ரூபாய், அது திரும்ப வராது. அதனால ரெண்டு பேராவது ஒருத்தரை ஒருத்தர் பாக்காம தனித்தனியா போட்டு, ஸ்டெப் எல்லாம் எழுதி, கீயில இல்லாத அதே விடை ரெண்டு பேருக்கும் வந்தா மட்டும் பணத்தைக் கட்டுங்க.