அமெரிக்காவில் ஜூனியர் காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரியில்) ஆடும் பையன்களை நான்கு வருடக் கல்லூரி கூடைப்பந்து அணிகள் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன? அந்த வழியில் பையனை அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் பையன் ஆட்டத்துக்கு எத்தனை பாயின்ட் போடுகிறான் என்பதைவிட எந்தெந்தப் பாடம் எடுக்கிறான் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இதை யாரும் முதல் நாளே உட்கார வைத்துச் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோச் இல்லை. கான்சஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கம் ஒரு இரண்டு வருடக் கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். காலேஜ் அல்ஜீப்ரா பாஸ் ஆகாமல் இந்தப் பையன்கள் எங்கேயும் போக முடியாது, அதனால் அணியில் பெரும்பாலானவர்கள் என் வகுப்புக்கு வந்துதான் தீர வேண்டும். "கணக்கு டீச்சருக்குக் கூடைப்பந்தைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்கப் போகிறவர்கள் கேட்கட்டும். பையன் பந்தை எப்படிப் போடுகிறான் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் கையிலிருக்கும் டிரான்ஸ்கிரிப்டை (எடுத்த பாடங்களும் மதிப்பெண்களும் உள்ள தாளை) வைத்து அவனுக்கு என்ன நடக்கிறது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வியைப் பார்த்தால் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் இருக்கிறான், நான்கு வருடக் கல்லூரி எதுவும் இன்னும் கூப்பிடவில்லை, யாரோ ஒரு ஏஏயூ (பள்ளிக்கு வெளியே நடக்கும் கிளப் கூடைப்பந்து) கோச் "ஜூகோ போகட்டும், இரண்டு வருடத்தில் டிவிஷன் 1" என்று சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஜூகோ என்றால் ஜூனியர் காலேஜ். டிவிஷன் 1 என்றால் நான்கு வருடக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மேல் நிலை. அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் பக்கத்து கார்டன் சிட்டி காலேஜில் ஆடிய கீத் ஸ்மார்ட்தான் 1987 கல்லூரி தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தின் கடைசி சில வினாடிகளில் பந்தைப் போட்டு சிரக்யூஸை 74-73 என்று இந்தியானா ஜெயிக்கக் காரணம். அதே அணியில் ஆடிய டீன் கேரட்டும் சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜிலிருந்து வந்தவர். 1990-இல் யூஎன்எல்வி (நெவாடா பல்கலைக்கழகம், லாஸ் வேகஸ்) அதே பட்டத்தை வென்றபோது அந்த அணியின் தூணாக இருந்த லாரி ஜான்சன் டெக்சஸின் ஒடெசா காலேஜில் இரண்டு வருடம் ஆடியவர். என்பிஏ நட்சத்திரம் ஜிம்மி பட்லர் டைலர் ஜூனியர் காலேஜில் ஆடியவர். ஒவ்வொரு வருடமும் ஹட்சின்சன் நகரில் ஜூனியர் காலேஜ்களின் தேசியப் போட்டி நடக்கிறது, 1949-இலிருந்து அங்கேதான். கேலரியில் தங்கள் கல்லூரி லோகோ போட்ட சட்டையோடு நோட்டும் கையுமாக உட்கார்ந்திருக்கும் அசிஸ்டென்ட் கோச்சுகளை நீங்களே போய்ப் பார்க்கலாம்.

ஆனால் பின்னாளில் என்பிஏவில் ஆடிய ஜே கிரவுடர் கதையை ஏஏயூ கோச் சொன்னாரா என்று கேளுங்கள். அவர் முதலில் சேர்ந்தது சவுத் ஜார்ஜியா டெக்னிக்கல் காலேஜ். ஒரு வருடம் நன்றாக ஆடிய பிறகுதான் தெரிந்தது, அங்கே வாங்கிய கிரெடிட்டுகளை (பாடம் முடித்ததற்கான புள்ளிகளை) வைத்து டிவிஷன் 1 கல்லூரிக்குப் போக முடியாது என்று. டெக்சஸில் ஹோவர்டு காலேஜுக்கு மாறி, பாடங்களைச் சரிக்கட்டி, 2010-இல் அங்கே தேசியப் பட்டமும் வென்று, அப்புறம்தான் மார்க்வெட் பல்கலைக்கழகம் போனார். 2012-இல் பிக் ஈஸ்ட் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். அவ்வளவு திறமை இருந்தவருக்கே அந்த நிலை.

டிவிஷன் 1-க்கு மாற என்சிஏஏ விதி சுருக்கமாக இப்படி. உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை (4-க்கு) 2.3 சராசரியோடு முடித்த பையன் என்றால் ஜூகோவிலிருந்து மாறுவது ஓரளவு சுலபம். முடிக்காதவன் என்றால் ஜூகோவில் அசோசியேட் டிகிரி (இரண்டு வருடப் பட்டம்) வாங்க வேண்டும், மாற்றத்தக்க கிரெடிட் 48 வேண்டும், அதில் ஆங்கிலம் 6, கணக்கு 3, அறிவியல் 3. இருவருக்குமே ஜூகோவில் சராசரி 2.5 வேண்டும். இதெல்லாம் கோச்சுகளுக்கு மனப்பாடம். ஆனால் இன்னொன்று இருக்கிறது, அதில்தான் பையன்கள் மாட்டுகிறார்கள். மூன்றாம் வருடம் தொடங்கும்போது, சேரும் மேஜரின் (முக்கியப் பாடப் பிரிவின்) டிகிரியில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். 120 கிரெடிட் டிகிரி என்றால் 48. கல்லூரி ஒரு கிரெடிட்டை ஏற்றுக்கொள்வது வேறு, அந்த மேஜரின் கணக்கில் அதைச் சேர்ப்பது வேறு.

2022 வசந்தத்தில் என் மாணவன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. டெட்ராய்ட் பையன், பாயின்ட் கார்டு. ஆட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அடுத்த பாஸைப் பார்ப்பவன், வகுப்பில் மற்றவர்களுக்கு ஃபேக்டரிங் சொல்லிக் கொடுப்பவனும் அவன்தான். ஒரு டிவிஷன் 1 கல்லூரியின் அசிஸ்டென்ட் கோச் பிப்ரவரியில் வந்தார், ஜிம்மில் நின்று பார்த்தார், ஸ்காலர்ஷிப் என்றார். பையன் டிரான்ஸ்கிரிப்டில் 64 கிரெடிட் இருந்தது. அந்தத் தாளை நான் வாங்கிப் பார்த்தேன்: வெயிட் டிரெய்னிங், வர்சிட்டி பாஸ்கெட்பால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒன்று, ஸ்போர்ட்ஸ் ஆஃபிஷியேட்டிங், ஃபர்ஸ்ட் எய்டு. அவன் படிக்க நினைத்தது கினீசியாலஜி (உடல் அசைவு பற்றிய படிப்பு), அதற்கு வேண்டிய அனாடமி லேப் அதில் இல்லை. அந்தக் கல்லூரி ரெஜிஸ்ட்ரார் கணக்குப் போட்டுப் பார்த்தபோது 64-இல் 41தான் தேறியது. ஏழு குறைகிறது. இதை ஏப்ரல் வரைக்கும் யாரும் அவனிடம் சொல்லவில்லை, ஏனென்றால் ஏப்ரல் வரைக்கும் யாரும் பார்க்கவே இல்லை. பார்த்த வாரத்திலேயே தலைமைக் கோச் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் போர்ட்டலிலிருந்து (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலிலிருந்து) இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டார். பையனுக்கு ஒரு ஃபோன்கூட வரவில்லை, டெக்ஸ்ட்தான்.

போர்ட்டல் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் ஒரு நான்கு வருடக் கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பொதுவாக ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். ஜூகோ முடித்து வருகிறவன் வந்த அன்றே ஆடலாம். அவசரமாக ஆள் தேவைப்பட்ட கோச்சுகள் எங்கள் ஊருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்ததற்கு அது பெரிய காரணம். 2021 ஏப்ரலில் முதல் மாற்றத்துக்கு அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள், அதோடு அந்த அனுகூலம் போனது. டிவிஷன் 1-இல் ஏற்கெனவே ஆடிய 22 வயதுக்காரன் கிடைக்கும்போது ஜூகோ பையனுக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்பது கோச்சின் நியாயம். அவருக்கும் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. 2024 டிசம்பரில் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர் டியேகோ பவியா வழக்குப் போட்டு, ஜூகோவில் ஆடிய வருடங்களைத் தான் ஆட அனுமதியுள்ள வருடங்களின் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தடை வாங்கினார், அதைத் தொடர்ந்து என்சிஏஏ 2025-26க்கு மட்டும் ஒரு விலக்கு கொடுத்தது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்றால், மே மாதம் ஒரு டிவிஷன் 2 கல்லூரியின் அசிஸ்டென்ட் என் அறைக்கு வந்தார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கல்லூரியின் டிகிரி பிளானை மேஜையில் விரித்து, பக்கத்தில் பையனின் டிரான்ஸ்கிரிப்டை வைத்து, பென்சிலால் வரி வரியாகக் கோடு போட்டார். "உங்கள் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாடத்தில் ரிக்ரெஷன் வருகிறதா? சிலபஸ் அனுப்ப முடியுமா, எங்கள் டிபார்ட்மென்ட் ஹெட்டிடம் காட்டுகிறேன்" என்று கேட்டார். கோடையில் பையன் எடுக்க வேண்டிய இரண்டு பாடங்களின் பெயரைத் தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆள் எடுப்பது என்றால் எனக்கு அதுதான் ஆள் எடுப்பது. பையன் அங்கே இரண்டு வருடம் ஆடினான், டிகிரி வாங்கினான், இப்போது ஒரு பள்ளியில் கோச்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அவன் எடுத்த பேச்சுப் பயிற்சிப் பாடத்துக்கும் சிலபஸ் கேட்டிருந்தார்கள். அதை நடத்தியவர் பகுதி நேர ஆசிரியர். பாடத்துக்கு இவ்வளவு என்று சம்பளம், ஹெல்த் இன்ஷூரன்ஸ் கிடையாது, அடுத்த செமஸ்டர் வேலை உண்டா என்று ஆகஸ்டில்தான் தெரியும். அவரைத் திரும்ப எடுக்கவில்லை, மெயில் கணக்கையும் மூடிவிட்டார்கள். கேட்ட கடிதம் யாருக்கும் போய்ச் சேரவில்லை, மூன்று கிரெடிட் வாரக்கணக்கில் தொங்கியது. இந்த நாட்டுக் கல்லூரிகள் ஜிம்முக்குப் புதுத் தரை போடுகின்றன, வகுப்பில் நிற்கிறவரை மட்டும் தற்காலிகமாகவே வைத்திருக்கின்றன. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கப் போவதில்லை.

"ஜூகோ என்றால் படிப்பு வராத பையன்கள்தானே" என்று கமென்ட்டில் யாராவது எழுதுவார்கள். நம் ஆட்கள் வீட்டு விருந்துகளிலும் கம்யூனிட்டி காலேஜ் என்றால் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பள்ளியில் சரியான பாடங்களை எடுக்கச் சொல்ல வீட்டில் ஆளில்லாமல் போனவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். காலை ஆறு மணிப் பயிற்சி முடித்து எட்டு மணி வகுப்பில் ஈரத் தலையோடு முதல் வரிசையில் உட்கார்கிறவனைப் படிப்பு வராதவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் பையன் போவதாக இருந்தால் முதல் செமஸ்டரிலேயே மேஜரை ஓரளவு முடிவு செய்யச் சொல்லுங்கள், லேப் உள்ள அறிவியல் பாடத்தைத் தள்ளிப்போட விடாதீர்கள், எந்த கோச் கூப்பிட்டாலும் "எங்கள் பையன் கிரெடிட்டில் எத்தனை இந்த மேஜரில் சேரும், ரெஜிஸ்ட்ராரிடமிருந்து எழுத்தில் வேண்டும்" என்று நீங்களே கேளுங்கள், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பணத்தைப் பொறுத்தவரை, ஜூனியர் காலேஜ் விளையாட்டை நடத்தும் என்ஜேசிஏஏ அமைப்புக்கும் தனியாக டிவிஷன்கள் உண்டு, அதன் டிவிஷன் 1 கல்லூரிகள் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம், டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களுக்குத் தனி அமைப்பு, அங்கேயும் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குக் கட்டணம் குறைவு.